மதச் சடங்கு இல்லாத இறுதி நிகழ்ச்சி சர்வீஸ் எப்படி இருந்துச்சு

அப்பா கடைசி வரைக்கும் நாத்திகர், அதனால மந்திரம் பிரார்த்தனை எதுவும் இல்லாம நடத்தித் தர்றவங்களை புக் பண்ணோம். முன்னாடியே வந்து பொறுமையா எல்லார்கிட்டயும் கேட்டு எழுதிக்கிட்டாங்க, அப்பா பேப்பர் ஓரத்துல பென்சில்ல எழுதி வச்ச குறிப்பைக் கூட விடல, அதை வாசிச்சப்போ சாமி கும்பிடற அத்தையே என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. கூடிச் செய்யற சடங்குதான் சமூகத்தைக் கட்டி வைக்குதுன்னு பிரெஞ்சு சமூகவியலாளர் துர்கைம் 1912லயே எழுதினார், அதைக் கடவுள் பேரு இல்லாமலும் செய்ய முடியும்னு இங்க கண்ணால பார்த்தேன். குறைன்னா, எல்லாரும் சேர்ந்து பாட, சொல்ல ஒண்ணுமே இல்ல, சும்மா உட்கார்ந்து கேட்கறதுதான், மதங்கள் இந்த விஷயத்துல ரொம்ப கெட்டி. நம்பிக்கை உள்ள சொந்தக்காரங்க இருந்தா மௌனமா வேண்டிக்க கொஞ்ச நேரம் வேணும்னு முன்னாடியே கேளுங்க, தர்றாங்க.