ஏகேபிகே கடன் ஆலோசனை: நல்ல சேவைதான், ஆனால் சொத்துக்குக் காவல் இல்லை

கோலாலம்பூரில் கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் என்று மாட்டிக்கொண்டவர்கள் முதலில் போக வேண்டிய இடம், மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனமான ஏகேபிகே. கட்டணம் கிடையாது. முன்பணம் கேட்கும் ஏஜெண்டுகளை வாசலோடு அனுப்பிவிடலாம்.

மைகார்டு (அடையாள அட்டை), சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, ஒவ்வொரு கடனின் கடைசி பில் எல்லாம் கையில் இருக்கட்டும். பலருக்குக் காரியம் கெடுவது மாதச் செலவுக் கணக்கில்தான். இரக்கம் கிடைக்கும் என்று செலவை ஊதிச் சொன்னால், தவணைக்கு மிச்சமே இல்லை என்றாகி, கடனைத் தவணையாகக் கட்டும் திட்டம் போட முடியாது. குறைத்துச் சொன்னாலோ, கட்ட முடியாத தவணை தலையில் விழும். திட்டத்தில் சேர்ந்ததும் கிரெடிட் கார்டுகள் ரத்தாகும். ஆலோங் (உரிமமில்லா வட்டிக்காரர்) கடனுக்கு இங்கே வழியில்லை.

குறை என்றால் இதுதான்: வழக்கு முற்றிவிட்டால் இந்தத் திட்டம் கைகொடுக்காது. அப்புறம் சட்டம் விட்டுவைப்பதுதான் மிச்சம், அதுவும் சொற்பம். 1967 திவால் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, தொழில் கருவிகள், குடும்பத்தின் அவசியத் துணிமணி, படுக்கை ஆகியவற்றை மொத்தம் 5,000 ரிங்கிட் வரை விடுகிறது. தையல் மெஷினும் வெல்டிங் செட்டும் தப்பலாம்; வீடு தப்பாது. அமெரிக்காவில் டெக்சாஸ், ஃபுளோரிடா மாநிலங்கள் குடியிருக்கும் வீட்டை மதிப்பு பார்க்காமல் சாதாரணக் கடன் கொடுத்தவர்களிடமிருந்து காக்கின்றன. அந்தச் சலுகை நமக்கில்லை.

நமக்குள்ள உறுதியான பாதுகாப்பு இபிஎஃப் என்னும் ஊழியர் சேமநிதி. 1991 இபிஎஃப் சட்டத்தின் 51-ஆம் பிரிவுப்படி, உள்ளே இருக்கும் பணத்தில் கடன் கொடுத்தவர் கைவைக்க முடியாது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய அதன் ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து எடுத்து வங்கியில் போட்டால் அது வெறும் ரொக்கம். தீர்ப்பு வாங்கியவர் கோர்ட் உத்தரவோடு முடக்கலாம். சம்பளக் கணக்கு, கடன் கொடுத்த அதே வங்கியில் இருந்தால் இன்னும் ஆபத்து. ஒப்பந்தம் அனுமதித்தால் அவர்களே பாக்கிக்குக் கழித்துக்கொள்வார்கள்.

வாடகைக் கொள்முதலில் (தவணைக் கடனில்) வாங்கிய காருக்கு, ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால், கடன் கொடுத்தவர் கோர்ட் உத்தரவின்றிக் காரை இழுத்துப்போக முடியாது. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

திவால் மனுவுக்குக் கடன் குறைந்தது 1,00,000 ரிங்கிட் இருக்க வேண்டும். 'நமக்கு அவ்வளவு இல்லையே' என்று அசட்டையாக இருக்காதீர்கள். ஏறிக்கொண்டே போகும் வட்டியும் கணக்கில் சேரும். திவால் நோட்டீஸ் கைக்கு வந்தால் ஏழு நாள்தான் அவகாசம். ஆகவே முதல் லாயர் லெட்டர் வந்த வாரமே ஏகேபிகேவில் சந்திப்புக்குப் பதிவு செய்துவிடுங்கள்.