விண்டோஸ தூக்கியாச்சு, பேரு மட்டும் போக மாட்டேங்குது

லேப்டாப்புல விண்டோஸ தூக்கிட்டு, அதுக்குப் பதிலா ஓசில கெடைக்கற லினக்ஸ் சிஸ்டம் உபுண்டு மட்டும் வச்சிருக்கியே, எப்படி இருக்கு, நானும் தூக்கலாமான்னு பட்டர்வொர்த் மச்சான் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கான். நல்ல மூட்ல எழுதியிருந்தா வேற மாதிரி வந்திருக்கும், ஆனா லேப்டாப்புக்கு பேட்டரி மாத்தி வாங்கின கையோட எழுதறேன், கடுப்பு கொஞ்சம் தெரியத்தான் செய்யும்.

மொதல்ல நியாயத்த சொல்லிடறேன். ஏன் தூக்கினேங்கறது எல்லாருக்கும் தெரிஞ்ச கததான், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு, 11 போடலாம்னா என்னோட ஏழாவது ஜெனரேஷன் ஐ5 ப்ராசசர் மைக்ரோசாஃப்ட் ஏத்துக்கற லிஸ்ட்லயே இல்ல. விண்டோஸும் உபுண்டுவும் ஒரே லேப்டாப்புல இருந்தப்ப கடிகார தொல்ல வேற. உபுண்டு மதர்போர்டு கடிகாரத்துல யுடிசிங்கற உலகப் பொது நேரத்த வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம்னு நெனச்சுக்கும், மலேசியாவுக்கு வித்தியாசம் 8 மணி நேரம், ராத்திரி ஒம்பதுக்கு விண்டோஸ தொறந்தா மத்தியானம் ஒண்ணுன்னு காட்டும். சரி பண்ண ஒரு வரி கமாண்ட் இருக்குதான், இருந்தாலும் ஒண்ணு போனதும் அந்த சண்டையே இல்ல.

தூக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல லா. லைவ் யுஎஸ்பில, அதாவது உபுண்டு நேரா ஓடற பென் டிரைவ்ல பூட் பண்ணி, டிஸ்க்க பிரிக்கற ஜிபார்ட்டட்ல சி டிரைவ அழிச்சா முடிஞ்சுது. ஆனா முன்னாடி குட்டியா ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருக்கும், பொதுவா 100 எம்பி, விண்டோஸ் போட்டதுதானேன்னு அதையும் சேர்த்து அழிச்சுறாதீங்க, உபுண்டுவ எழுப்பி விடற க்ரப்பும் அதுக்குள்ளதான் குடியிருக்கு. அப்புறம், காலியான எடம் உபுண்டுவுக்கு இடது பக்கம் விழும், அந்தப் பக்கமா பெருசாக்கணும்னா உள்ள இருக்கற மொத்த டேட்டாவையும் நகர்த்தணும், நடுவுல கரண்ட் போச்சுன்னா கோவிந்தா. என் பேட்டரி இருந்த லட்சணத்துக்கு அந்த வெளையாட்டே வேணாம்னு அந்தக் காலி எடத்த தனியா இஎக்ஸ்டி4ங்கற லினக்ஸ் ஃபார்மட் ஆக்கி படம் பாட்டு போட வச்சுக்கிட்டேன்.

எதிர்பாக்காத சந்தோஷம்னா தமிழ் டைப்பிங்தான். விண்டோஸ் இருந்தவரைக்கும் தமிழுக்கு அங்க ஓடிருவேன், நம்ம ஊர் தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் முரசு அஞ்சல் கை பழகிருச்சு. வேற வழி இல்லன்னு ஆனதும்தான் உபுண்டுல ஐபஸ் எம்17என்ங்கற டைப்பிங் சாஃப்ட்வேர் போட்டேன், தமிழ்99 கீபோர்டு அதுலயே இருக்கு, இத எழுதறதும் அதுலதான். வருமான வரி ஈ-ஃபைலிங், பேங்க் எல்லாம் ப்ரவுசர்லயே முடிஞ்சிருது.

இப்ப கடுப்புக்கு வரேன்.

கேஎல்ல கம்ப்யூட்டர் கடைங்க நெறஞ்ச லோயாட்ல ஒரு கடையில பேட்டரி மாத்தினாங்க, கழட்டி மாட்டினதுல ஆன் பண்ணதும் மொதல்ல ஓடற பயாஸ் ரீசெட் ஆயிருச்சு, ஆன் பண்ணா பூட் டிவைஸே காணோம்ங்குது. கடைப் பையன் ரெண்டு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்துட்டு, அங்கிள், எஸ்எஸ்டி ரோசாக், புதுசு போடணும்ங்கறான், டிஸ்க் கெட்டுப் போச்சாம். வேணாம் தம்பின்னு தூக்கிட்டு செந்தூல் வீட்டுக்கு வந்துட்டேன். லைவ் யுஎஸ்பில பாத்தா எஸ்எஸ்டி குத்துக்கல்லு மாதிரி இருக்கு, எல்லா ஃபைலும் இருக்கு, பயாஸ் பூட் லிஸ்ட்ல மட்டும் உபுண்டுங்கற பேரு இல்ல, அதுக்குப் பதிலா இஎஃப்ஐ பார்ட்டிஷன்லேர்ந்து நான் எப்பவோ அழிச்ச விண்டோஸ் பூட் மேனேஜர் மேல வந்து உக்காந்திருக்கு. இஎஃப்ஐ பூட் மேனேஜர் கமாண்ட்ல உபுண்டுவ திரும்ப சேர்த்தேன், ஒரு ரீஸ்டார்ட்ல மறுபடி காணோம்.

விஷயம் என்னன்னா இந்த லேப்டாப் செஞ்சவன், பேரு வேணாம், பயாஸ்குள்ள ஒரே ஒரு எடத்ததான் எழுதி வச்சிருக்கான், மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர், அதுக்குள்ள பூட் ஃபோல்டர், அதுக்குள்ள பூட்எம்ஜிஎஃப்டபிள்யூ.இஎஃப்ஐன்னு ஒரு ஃபைல், அது இல்லன்னா டிஸ்க்கே இல்லைங்கறான். கடைசில என்ன பண்ணேன் தெரியுமா, மைக்ரோசாஃப்ட்னு புதுசா ஒரு ஃபோல்டர நானே செஞ்சு, க்ரப்புக்கு முன்னாடி ஓடற உபுண்டுவோட ஷிம் ஃபைல அந்தப் பேர்ல காப்பி பண்ணி, பக்கத்துலயே க்ரப் ஃபைலையும் வச்சேன். உடனே எந்திரிச்சிருச்சு. அந்த ஷிம்முல கையெழுத்து இல்லாதத ஓட விடாத செக்யூர் பூட்டுக்காக மைக்ரோசாஃப்ட் கையெழுத்து வேற இருக்கு, ஆக வீட்ட காலி பண்ணவர் பேர்லதான் நான் இன்னும் குடியிருக்கேன்.

நல்லதையே இவ்வளவு சொல்லிட்டு இப்படிச் சொல்றேனேன்னு நெனக்காத மச்சான், நீ தூக்காத. உன்னோடதும் இதே மாடல்தான். விண்டோஸ சுருக்கி 60 ஜிபில ஒரு ஓரமா போட்டு வை, நெட் குடுக்காத, தொறக்காத, சும்மா கெடக்கட்டும், பயாஸ் தேடற ஃபைல் அந்த எடத்துல இருந்தா போதும். வேற மாடல் வச்சிருக்கறவங்க தாராளமா தூக்கலாம், லைசென்ஸ் பெரும்பாலும் மதர்போர்டோட ஒட்டிக்கிட்டே இருக்கும், திரும்ப போட்டா தானா ஆக்டிவேட் ஆயிரும்.

நீ விண்டோஸ திரும்ப போடப் போறியான்னா, இல்ல. க்ரப், ஷிம் அப்டேட் வரப்பல்லாம் உபுண்டு தன் ஃபோல்டரதான் மாத்தும், நான் செஞ்ச மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர அது கண்டுக்கவே கண்டுக்காது, ஒவ்வொரு தடவயும் கையால காப்பி பண்ணணும். பண்ணிக்கறேன், போ.