கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்: ரத்தம் எடுத்த தம்பிக்கு அஞ்சு ஸ்டார், பேக்கேஜுக்கு ரெண்டு

கீழக்கரையில வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்குற ஒரு லேப்ல "பெண்கள் கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்"னு 2,400 ரூபா கட்டி ரெண்டு தடவை எடுத்திருக்கேன். மார்க்கர்னா கேன்சர் இருந்தா ரத்தத்துல கூடக்கூடிய சில பொருள். லேப் பேரு வேணாம், இதே சரக்கை இப்ப எல்லா எடத்துலயும் விக்கிறாங்க.

லாத்தாவுக்கு, அதான் எங்க அக்காவுக்கு, மார்பக புற்றுநோய்னு தெரிஞ்சு மதுரைக்கும் வீட்டுக்குமா அலைஞ்சப்பதான் எனக்கு பயம் புடிச்சுச்சு. வயசு 54, மாதவிடாய் நின்னு நாலு வருஷம், எடை 82. கல்யாண வீட்டு நெய்சோறும் தொதலும் சும்மா விடுமா! மொத டெஸ்ட் எடுத்த கையோட ராத்திரி சோத்தை நிறுத்தினேன், சுபுஹு தொழுதுட்டு படகுத்துறை பக்கம் முக்கா மணி நேரம் நடை, கச்சான் காத்துல மணலு மூஞ்சில வந்து அடிக்கும் அப்பவும் விடல, ஒம்போது மாசத்துல 74க்கு வந்துட்டேன். எடை குறைஞ்சது இதுல தெரியும்னு நெனச்சு ரெண்டாவது டெஸ்ட்.

ரத்தம் எடுக்க வந்த தம்பிய குறை சொல்லவே முடியாது. என் கையில நரம்பு கிடைக்கிறது குதிரைக்கொம்பு, நாலு குத்து குத்தாம யாரும் எடுத்ததில்ல, இவன் சுடுதண்ணில நனைச்ச துணிய முழங்கை மடிப்புல கொஞ்ச நேரம் வைக்கச் சொல்லிட்டு ஒரே குத்துல முடிச்சுட்டான், ட்யூப்ல என் பேரை என் கண்ணு முன்னாடியே எழுதினான். சாயங்காலமே வாட்ஸ்அப்ல ரிப்போர்ட்.

அங்கதான் கடுப்பு. சினைப்பை கேன்சருக்கான மார்க்கர் சிஏ 125 மொதல்ல 14, இப்ப 19. எட்டு கிலோ குறைச்சிருக்கேன், இது ஏறியிருக்கு! போன் பண்ணி கேட்டா, "கொஞ்சம் ஏறியிருக்கும்மா, மூணு மாசத்துல திரும்ப எடுங்க, டிஸ்கவுண்ட் தர்றோம்"ங்குறாங்க. ரெண்டு ராத்திரி தூங்கல நான்.

ராமநாதபுரத்துல டாக்டரம்மாகிட்ட போனா அவங்க சிரிக்கிறாங்க. 35 வரைக்கும் நார்மலாம், அதுக்குள்ள இப்படி ஏறி எறங்குறதுக்கெல்லாம் அர்த்தம் தேடக்கூடாதாம். சிஏ 125, இதே பேக்கேஜ்ல இருக்குற இன்னொரு மார்க்கர் சிஇஏ, ரெண்டும் பெரும்பாலும் ஏற்கனவே கேன்சர் வந்தவங்களுக்கு ட்ரீட்மெண்ட் எப்படி போகுதுன்னு பாக்கத்தானாம், கர்ப்பப்பை கட்டி இருந்தாலே சிஏ 125 ஏறும், சிகரெட் புடிக்கிறவங்களுக்கு சிஇஏ கூடும். எடை குறைஞ்சதை காட்டுற டெஸ்ட் இதுல ஒன்னுகூட இல்லைன்னுட்டாங்க.

அப்ப எதுல தெரியும்? மார்பக புற்றுநோய் பலதை வளக்குற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன், மாதவிடாய் நின்னப்புறம் அதிகமா நம்ம கொழுப்புலதான் உருவாகுதாம், உடம்புக்குள்ள அழற்சி இருந்தா சிஆர்பிங்குற புரதம் ரத்தத்துல கூடும், எடை கூடினா இன்சுலினும் கூடும். சியாட்டில்ல ஃப்ரெட் ஹட்சின்சன் கேன்சர் சென்டர்ல எடை கூடின, மாதவிடாய் நின்ன 439 பொம்பளைங்கள ஒரு வருஷம் வச்சு பாத்திருக்காங்க, 2012ல ரிசல்ட் வந்துச்சு. சாப்பாட்டு கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேத்து செஞ்சவங்களுக்கு எடை சுமார் 11%, ஈஸ்ட்ரோஜன்ல ஒரு வகையான எஸ்ட்ராடியால் சுமார் 20%, சிஆர்பி சுமார் 42% கொறைஞ்சிருக்கு. உடற்பயிற்சி மட்டும் செஞ்சவங்களுக்கு சிஆர்பி பெருசா மாறல, அதனால நடந்துட்டு வந்து பரோட்டா திங்கிற என் மச்சான் இதை ஒரு தடவை படிக்கட்டும். ஆனா இதுல பாத்தது எடை, ரத்த அளவு மாதிரி விஷயங்களைத்தான், யாருக்கு கேன்சர் வந்துச்சு வரலைன்னு இல்ல.

கூத்து என்னன்னா, அந்த சிஆர்பியை நுணுக்கமா அளக்குற எச்எஸ் சிஆர்பி டெஸ்ட் இதே லேப்ல இருக்கு, "இதயம்" பேக்கேஜுக்குள்ள! சுகருக்காக அதையும் ரெண்டு தடவை எடுத்திருந்தேன், 4.6ல இருந்து 2.7. கேன்சர்னு போட்டு வித்த தாளுல ஒன்னும் இல்ல, நான் பிரிச்சே பாக்காத தாளுல இருக்கு. சளி காய்ச்சல் இருக்கப்ப மட்டும் அதை எடுக்காதீங்க, எகிறிடும்.

டாக்டரம்மா எழுதிக்குடுத்தது மேமோகிராம், மார்பக எக்ஸ்ரே, அது இந்த பேக்கேஜ்லயே கிடையாது. அடுத்த வாரம் போறேன், லாத்தாவும் கூட வர்றா. ரத்தத்துக்கு மறுபடி அந்த தம்பியத்தான் கூப்பிடுவேன், வேணுங்குற டெஸ்ட்டை மட்டும் தனித்தனியா சொல்லி.