குரங்கைப் பார்த்தால் எதை எழுதுவது: உணர்வையா, அசைவையா?

சிங்கப்பூரின் மெக்ரிட்சி காட்டு நடைபாதையில் நீண்டவால் குரங்குகளைக் கவனித்துக் குறிப்பெடுக்கப் போகும் யாருக்கும் முதல் நாளே இந்தக் கேள்வி வந்துவிடும். "கோபப்பட்டது", "பயந்தது" என்று எழுதுவதா? வாய், கண், வால் என்ன செய்தன, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கண்ணில் பட்டதை மட்டும் எழுதுவதா? நான் இரண்டாவது வழிக்கு வந்துவிட்டேன், உங்களுக்கும் அதையே சொல்வேன்.

உணர்வுச் சொற்களால் வேகமாக எழுதலாம், படிப்பவருக்கும் சட்டென்று புரியும். விலங்கு ஆய்வாளர் ஜேன் குட்டால் 1960இல் இன்றைய தான்சானியாவில் உள்ள கோம்பே காட்டுக்குப் போய், சிம்பன்சிகளுக்கு எண் கொடுக்காமல் பெயர் வைத்து அவற்றின் குணங்களை எழுதினார். இது அறிவியலே அல்ல என்று அன்று குறை சொன்னார்கள். விலங்குக்கு விலங்கு குணம் மாறும் என்பது இன்று ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட செய்தி.

ஆனாலும் எனக்கு முடிவைத் தந்தது ஒரே விஷயம்: நாளைக்கு இன்னொருவர் அந்தக் குறிப்பைச் சரிபார்க்க முடியுமா? குரங்கு பல்லைக் காட்டினால், நடக்க வரும் குடும்பங்கள் "சிரிக்குது பாரு" என்கிறார்கள். குறிப்பிலும் "சிரித்தது" என்று எழுதிவிட்டால், உண்மையில் நடந்தது என்ன என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. "உதட்டைப் பின்னுக்கு இழுத்துப் பல்லைக் காட்டியது, சத்தமில்லை, பெரிய ஆண் நெருங்கியதும் விலகியது" என்று இருந்தால், அது பெரும்பாலும் பயந்து அடங்கிப்போகும் சைகை என்று விவரம் தெரிந்தவர் சொல்லிவிடுவார். வாயை அகலத் திறந்து, புருவத்தைத் தூக்கி முறைத்தால் அது மிரட்டல். பிளாஸ்டிக் பையோடு எதிரே நிற்பவருக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

இந்த வழியில் போனால் விலங்குகளின் நடத்தையை ஆய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974இல் விளக்கிய முறையும் கைகொடுக்கும்: குறித்த நேரம் முழுக்க ஒரே விலங்கை மட்டும் பார்ப்பது. இல்லாவிட்டால் சண்டை போடும் குரங்கின் மேலேயே கண் போகும், சும்மா உட்கார்ந்திருப்பது பதிவாகாது.

விலங்குக்கு உணர்வே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. 2004இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஓர் ஒலி கேட்டால் நெம்புகோலை அழுத்தி உணவு பெறவும், வேறோர் ஒலி கேட்டால் அழுத்தாமலிருந்து இரைச்சலைத் தவிர்க்கவும் பழக்கினார்கள். பிறகு இரண்டுக்கும் நடுவிலான ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். எப்போது என்ன மாறும் என்று தெரியாத கூண்டுகளில் இருந்த எலிகள் குறைவாகவும் தாமதமாகவும் அழுத்தின. நல்லது வரும் என்ற எதிர்பார்ப்பு அவற்றிடம் குறைந்திருந்தது. உள்ளே இருக்கும் மனநிலையை அசைவைக் கணக்கிட்டே எட்டிவிட்டார்கள்! இந்த வழியின் மேல் எனக்கிருக்கும் நம்பிக்கைக்குப் பெரிய காரணம் இதுதான்.

வீட்டு நாயோடு வருஷக்கணக்கில் வாழ்பவருக்கு இத்தனை கட்டுப்பாடு வேண்டுமா என்றால், உறுதியாகச் சொல்ல மாட்டேன். நான் பார்த்துப் பழகியது காட்டோரக் குரங்குகளை மட்டுமே. அங்கேயும் "பயந்திருக்குமோ" என்று மனத்தில் பட்டால் அதை விட்டுவிட வேண்டாம். ஓரத்தில் தனியாக, கேள்விக்குறி போட்டு எழுதிவையுங்கள்.