ஊடுருவிய புல்லை வரைபடமாக்க: செயற்கைக்கோளா, ட்ரோனா?

சீனாவின் யான்செங் கடற்கரையில் ஸ்பார்ட்டினா புல் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று ஆய்வுக்காக வரைபடமாக்க வேண்டியிருந்தது. நான் எடுத்தது ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள். இப்போதும் அதன் பக்கம்தான் நிற்கிறேன்.

வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரைக்குச் சொந்தமான இந்தப் புல்லை, கரையைக் காக்கவும் வண்டலைப் பிடித்துவைக்கவும் 1979இல் சீனா வரவழைத்தது. அது சேற்றுவெளியையே மூடத் தொடங்கியது. அழிவின் விளிம்பில் இருக்கும் கரண்டிமூக்கு உள்ளான் என்ற பறவை இரை தேடுவது அந்தத் திறந்த சேற்றில்தான். புல் எங்கே நிற்கிறது என்று துல்லியமாகத் தெரியாமல் அதை அகற்ற முடியாது.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரோன் படத்தில் சில சென்டிமீட்டர் அளவுகூடத் தெரியும்; சென்டினலில் ஒரு படப்புள்ளி (பிக்சல்) 10 மீட்டர். சென்டினல் படம் இலவசம். ட்ரோனுக்கு ஆள், அனுமதி, மின்கலம், காற்று அடங்கிய நாள் எல்லாம் வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது பருவம். ஜூலையில் அங்கே வளரும் நாணலும் ஸ்பார்ட்டினாவும் ஒரே பச்சை. எவ்வளவு கூர்மையான படமானாலும் நிறத்தை வைத்துப் பிரிப்பது கடினம். இலையுதிர் காலத்தில் கதை மாறுகிறது. நாணல் பழுத்து மஞ்சளாகும், உமரி இனச் செடிகள் சிவக்கும், ஸ்பார்ட்டினா மட்டும் நவம்பரிலும் பச்சையாக நிற்கும். அந்தச் சில வாரங்கள்தான் பொன்னான நேரம். இரு சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை கடப்பதால், மேகம் மறைத்தாலும் ஒன்றிரண்டு தெளிவான படமாவது சிக்கிவிடும். வசந்தத்தில் நாணல் முந்தித் துளிர்ப்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஐயம் இன்னும் குறையும். ஓர் ஆண்டு முழுக்க இப்படி ஒரு கடற்கரையை ட்ரோனால் தொடர யாருக்குக் கட்டுப்படியாகும்?

இன்னொன்று, கடந்த காலம். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் 30 மீட்டர் படங்கள் 1984 முதல் இருக்கின்றன. புல் வந்து சேர்ந்த சில ஆண்டுகளிலிருந்தே அதன் பரவலைப் பின்தொடரலாம். நேற்றைய கரையை எந்த ட்ரோனும் படம்பிடிக்காது.

ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றும் விஷயத்தில் சென்டினல் தோற்கிறது. அது எப்போதும் காலை பத்தரை மணியை ஒட்டியே கடக்கிறது. ஓரிடத்தில் பெருவற்று (அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மிக அதிகமாக வற்றும் நிலை) ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் வரும். அந்த நேரம் பத்தரையிலிருந்து விலகியிருந்தால், எத்தனை ஆண்டுப் படங்களைப் புரட்டினாலும் கடைசிச் சேறு வரை தெரியாது. கடலை ஒட்டிய குட்டையான புல் திட்டுகள் நீருக்கடியில் தப்பிவிடும். ட்ரோனோ வற்று பார்த்துப் பறக்கும்.

ட்ரோனில் என் பழக்கம் சொற்பம். சரிபார்ப்புக்காக ஒரு சிறு பகுதியின் படங்களை மட்டுமே கையாண்டிருக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன்: வேலை பரவலை அளப்பதல்ல, அகற்றிய இடத்தில் மீண்டும் முளைப்பதைத் தேடுவது என்றால் ட்ரோனையே எடுங்கள். 2022 முதல் 2025 வரை சீனா நடத்திய ஒழிப்புத் திட்டத்திற்குப் பிறகு பல இடங்களில் தேவை அதுதான். இரண்டு மீட்டர் அகல மறுமுளைப்பு 10 மீட்டர் படப்புள்ளியில் கரைந்துபோகும். விட்டுவைத்தால் வேர்த்தண்டு வழியே வட்டமாக விரியும். மற்ற வேலைகளுக்கு முதலில் நவம்பர் படங்களைத் திரட்டுங்கள், பிறகு ஓத அட்டவணையோடு ஒப்பிட்டு நீர் ஏறியிருந்த நாள்களைக் கழித்துவிடுங்கள்.