செயலகத்துக்கு அறிக்கையா, மாமன்ற உறுப்பினருக்கு ஒரு பக்கமா?

சென்னை தண்டையார்பேட்டையில் சிறிய கிளினிக் நடத்தும் நான், குடிநீரில் கழிவுநீர் கலப்பது குறித்து ஆட்சிப் பொறுப்பில் இருப்போரிடம் பேசுவதற்கு இரண்டு வழிகளை முயன்றிருக்கிறேன். விரிவான அறிக்கை எழுதித் துறைச் செயலாளருக்கு அனுப்புவது முதல் வழி. எங்கள் வார்டின் மாநகராட்சி மாமன்ற உறுப்பினரை நேரில் சந்தித்து, ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்து, தெருவுக்கே அழைத்து வருவது இரண்டாவது. இப்போது நான் இரண்டாவதையே பின்பற்றுகிறேன்.

அறிக்கையின் பலம் எல்லோரும் அறிந்ததே. அது கோப்பில் ஏறும். பதிவு எண் கிடைக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் நிலையைக் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நானும் பல இரவுகள் உட்கார்ந்து பதினான்கு பக்கம் எழுதினேன். 'தக்க நடவடிக்கைக்காக' என்ற குறிப்புடன் அது ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குச் சென்றது. அதைப் படித்து என்னிடம் தொலைபேசியில் விவரம் கேட்ட ஒரே அலுவலரும் மாறுதலாகிப் போனார்.

நேரில் அழைப்பதில் அந்த இடைவெளி இல்லை. ஒரே தெருவிலிருந்து அடுத்தடுத்து மூன்று குழந்தைகள் வயிற்றுப்போக்குடன் வந்த வாரத்தில், எங்கள் மாமன்ற உறுப்பினரை அத்தெருவின் கடைசி வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். அந்த வீட்டு அம்மா அடிபம்பில் பிடித்துக் கொடுத்த தண்ணீரைச் சிறு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, குளோரின் சோதனைத் துளிகளை விட்டேன். குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் தெரிய வேண்டும்; தண்ணீர் வெறும் தண்ணீராகவே நின்றது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பதை அந்தக் குழாயைக் காட்டிச் சொன்னபோது, அவர் மறு கேள்வி கேட்காமல் புரிந்துகொண்டார். தண்ணீர் விட்டுவிட்டு வருவதால் குழாயில் அழுத்தம் குறைகிறது, அந்த நேரத்தில் அடிபம்பு இழுக்கும்போது விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே வருகிறது என்ற காரணத்தையும் அங்கேயே விளக்க முடிந்தது. அறிக்கையில் இதே செய்தி ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது அந்தக் காட்சி அல்ல. அதற்குப் பின் யார் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதுதான். எந்தக் கோரிக்கையும் கொடுத்த நாளில் நிறைவேறுவதில்லை. மாதக்கணக்கில் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மாமன்ற உறுப்பினரின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். அலுவலகமோ நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. ரிப்பன் மாளிகையில் மாமன்றம் கூடும்போதெல்லாம் கேள்வி எழுப்பும் உரிமையும் அவருக்கு உண்டு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே வீட்டில் சோதனை செய்து, தேதியையும் அளவையும் ஒரு நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அவருடைய உதவியாளருக்கு அனுப்புகிறேன். எனக்கு இதற்குப் பத்து நிமிடம் ஆகிறது. அறிக்கையைப் புதுப்பிப்பதானால் மறுபடி பல இரவுகள் போகும். மூன்றாவது மாதத்தில் அந்தத் தெருவின் பழைய குழாயை மாற்றும் வேலை தொடங்கியது.

அந்த ஒரு பக்கத்தில் எந்தத் தெரு, எத்தனை நோயாளிகள், என்ன காரணம், என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும் என்ற ஐந்து மட்டுமே இருக்கும். நோயாளியின் பெயரோ கதவு எண்ணோ இருக்கவே கூடாது. கடைசி வீட்டு அம்மாவிடமும் முதலில் சம்மதம் கேட்டுக்கொண்டுதான் உறுப்பினரை அழைத்துப் போனேன்.

அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு இதே வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவர்களைக் கட்டுப்படுத்துகின்றன. மேலதிகாரி வழியாக எழுத்தில் செல்வதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

மேலும், என் அனுபவம் ஒரு வார்டின் குடிநீரோடு நின்றுவிடுகிறது. எண்ணூர், மணலிப் பக்கத்திலிருந்து மூச்சிரைப்புடன் வருவோரின் காற்றுப் பிரச்சினையில் மாமன்ற உறுப்பினரால் செய்யக்கூடியது குறைவு. அனல் மின் நிலையங்களின் புகைக்கான வரம்புகளை 2015இல் வகுத்தது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம். அந்த மேசைக்குப் பல மருத்துவர்களின் பதிவேடுகளைத் தொகுத்து, மருத்துவர் சங்கத்தின் பெயரில் எழுதப்பட்ட அறிக்கைதான் செல்ல வேண்டும் என்று கருதுகிறேன். அதற்கான நோட்டு ஒன்றையும் இந்த மாதம் கிளினிக்கில் தனியாகத் தொடங்கியிருக்கிறேன். இப்போதைக்கு அதில் தேதி, வயது, வசிக்கும் பகுதி, மூச்சிரைப்பு தொடங்கிய நேரம் ஆகியவற்றை மட்டும் எழுதி வருகிறேன்.