பெரிய இல்லமா, சின்ன இல்லமா, வீட்டிலேயே ஆள் போடுவதா: ராத்திரியை வைத்து ஓர் ஒப்பீடு

படுத்த படுக்கையாகிவிட்ட, அல்லது நினைவு தப்பத் தொடங்கிய ஒரு பெரியவருக்காக நகரத்தில் இடம் தேடினால், சுற்றிச் சுற்றி மூன்று வழிகள்தான் கண்ணில் படும். ஒன்று, ஐம்பது அறுபது படுக்கைகளோடு மருத்துவமனை மாதிரி நடக்கும் பெரிய பராமரிப்பு இல்லம். இன்னொன்று, ஒரு வீட்டையே மாற்றி எட்டுப் பத்துப் பேரை மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் சின்ன இல்லம். மூன்றாவது, சொந்த வீட்டிலேயே உதவியாளர் வைத்துக்கொள்வது.

பெரிய இல்லத்தில் சுற்றிக் காட்டும்போது பிசியோதெரபி அறை, ஆக்சிஜன் வசதி, அகலமான லிஃப்ட் எல்லாம் வரிசையாக வரும். எல்லாம் தேவைதான். நான் முதலில் கேட்பது வேறு: ராத்திரி ஒரு மணிக்கு இங்கே எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? "மொத்தம் நாற்பது ஊழியர்கள் இருக்கிறார்கள்" என்றால் அது பதிலே இல்லை. சமையல், காவல், கணக்கு எழுதுபவர், லீவில் போனவர் எல்லோரும் அந்த நாற்பதில் அடக்கம்.

இரவுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். 60 பேரில் பாதிப் பேர் தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள் என்று வையுங்கள். படுக்கைப் புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது பழைய வழக்கம். மெத்தையையும் உடல்நிலையையும் பொறுத்து இடைவெளி மாறலாம். ஒருவருக்கு 5 நிமிடம், அதற்கு இரண்டு ஆள் என்றால், 30 பேருக்கு ஒரு சுற்று வர மொத்தம் 300 நிமிட உழைப்பு வேண்டும். இரவில் மூன்று உதவியாளர்கள் என்றால் அந்த 2 மணி நேரத்தில் அவர்களிடம் இருப்பதே 360 நிமிடம்தான். மிச்சமிருக்கும் 60 நிமிடத்தில் டயப்பர் மாற்ற வேண்டும், அழைப்பு மணிக்கு ஓட வேண்டும், கழிவறைக்குத் தனியாக எழுந்துபோய் விழப்போகிறவரைப் பிடிக்க வேண்டும். நடக்கிற காரியமா? திருப்பாமலே அட்டவணையில் டிக் போடுவது இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

சின்ன இல்லத்தில் இந்தக் கணக்கு சுலபமாகத் தெரியும், பத்துப் பேர்தானே என்று தோன்றும். அங்கே சிக்கல் வேறு. இரவில் பெரும்பாலும் ஒரே ஆள். கனமான ஒருவரைத் தனியாகத் திருப்பினால் இருவருக்குமே அடிபடலாம். அவர் ஒருவரைக் கழிவறைக்குக் கூட்டிப்போயிருக்கும் நேரம், மற்ற ஒன்பது பேருக்கும் யாரும் இல்லை. இரவில் சிறுநீர் வெளியேற்றும் குழாய் (கதீட்டர்) அடைத்துக்கொண்டாலோ உணவு செலுத்தும் மூக்குக்குழாய் கழன்றுவிட்டாலோ நர்ஸ் எங்கிருந்து, எவ்வளவு நேரத்தில் வருவார் என்று கேளுங்கள். "டாக்டர் போனிலேயே இருப்பார்" என்பதோடு நிறுத்திக்கொண்டால் எனக்குத் திருப்தி வராது.

ஆனாலும் சின்ன இல்லத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு: தினமும் அதே கைகள். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ வந்தால் காய்ச்சல் அடிக்காமலே போகலாம். நேற்றுவரை தட்டைக் காலி செய்தவர் இன்று இரண்டு வாயோடு நிறுத்துவார், பகலெல்லாம் தூங்குவார், பேச்சு குழறும். பழகிய ஆள் "இவர் இப்படி இருக்கமாட்டாரே" என்று அப்போதே சொல்லிவிடுவார். வாரத்துக்கொரு புது ஆள் வரும் பெரிய இல்லத்தில், சார்ட்டில் வெப்பநிலை சரியாக இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். அதனால் எங்கே போனாலும் ஓர் உதவியாளரைத் தனியாகப் பார்த்து, "நீங்கள் இங்கே எத்தனை நாளாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். மேலாளர் அரை மணி நேரம் பேசுவதைவிட அந்த ஒரு பதிலில் விஷயம் அதிகம்.

இரண்டின் நல்லதையும் சேர்க்கப் பார்த்த முயற்சி ஒன்று உண்டு. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் டூபெலோ நகரில் 2003-இல் தொடங்கிய கிரீன் ஹவுஸ் இல்லங்களில் வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர்தான். நர்ஸ்கள் பல வீடுகளுக்குப் பொதுவாக இருந்து பார்க்கிறார்கள். உங்கள் நகரத்தில் அந்தப் பெயரைத் தேட வேண்டியதில்லை. பின்னால் நர்ஸ் குழு இருக்கும் சின்ன இல்லம் கிடைத்தால் அதைச் சுலபமாக விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் ஆள் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நினைவு தெளிவாக இருந்து, எழ, நடக்க, குளிக்க மட்டும் உதவி வேண்டியவருக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் 24 மணி நேரமும் ஒரே ஆள் என்பது ஏமாற்றுக் கணக்கு. அவரும் தூங்கித்தானே ஆகவேண்டும்? ஷிப்டுக்கு ஆள் மாற்ற, வராத நாளில் அந்த இடத்தில் நிற்க, வீட்டில் ஒருவர் மேலாளராகவே மாற வேண்டியிருக்கும்.

சரி, இல்லம்தான் என்று முடிவானால், பகல் பதினொரு மணிக்குக் கூடத்தைப் பாருங்கள். எல்லோரும் நாற்காலியில் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். மறதி நோய் உள்ளவர்களை அடக்கி வைக்க மனநோய் மருந்து கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அவர்களுக்கு இந்த மருந்துகளில் புதிய வகைகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005-லேயே கடும் எச்சரிக்கை விட்டது. 2008-இல் அதைப் பழைய வகை மருந்துகளுக்கும் நீட்டியது. அப்படி ஒரு மாத்திரையைத் தொடங்கும் முன் குடும்பத்திடம் சொல்வார்களா, எப்போது நிறுத்திப் பார்ப்பார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் புண். "எங்களிடம் படுக்கைப் புண்ணே வராது" என்கிறவரைவிட, "போன மாதம் இரண்டு பேருக்கு இருந்தது, ஒருவர் வரும்போதே புண்ணோடு வந்தார்" என்று கணக்குச் சொல்கிறவரைத்தான் நான் நம்புவேன். சேர்த்த பிறகு நீங்களே பாருங்கள்: வால் எலும்புப் பக்கத்திலும் குதிகாலிலும் சிவந்திருந்தால் விரலால் அழுத்துங்கள். எடுத்ததும் ஒரு கணம் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். அங்கே சூடு, கெட்டித்தன்மை போன்ற மாற்றங்களைத்தான் பார்க்க வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். குழாய், ஆக்சிஜன், தினமும் கட்டுப் போட வேண்டிய புண் என்று இருப்பவருக்குப் பெரிய இல்லம். நடமாடும், ஆனால் நினைவு தவறும் ஒருவருக்குச் சின்ன இல்லம். இரண்டும் சமமாகத் தெரிந்தால் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள், வசதி ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை. ஞாயிறு சாயங்காலம் சொல்லாமல் போய் நிற்க முடிகிற தூரம் முக்கியம். ஊரின் மறுகோடியில் இருக்கும் அருமையான இடத்துக்கு நாளாக ஆக நீங்கள் போவது குறைந்துவிடும்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைத் தேடிப் பிடியுங்கள். பெரியவர் பத்து நாள் மருத்துவமனையில் கிடந்தால் அந்தப் படுக்கைக்கு யார் கட்டுவது, படுக்கையை வைத்திருப்பார்களா? உடல்நிலை மோசமானால் கடைசிவரை வைத்துக்கொள்வார்களா, "வேறு இடம் பாருங்கள்" என்பார்களா? சின்ன இல்லங்கள் பலவற்றில் இரண்டாவதற்கு எழுத்தில் ஒன்றும் இருக்காது. வாயால் சொல்வதை அங்கேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.